பரிசாகக் கொடுக்க ஒரு பாக்கெட் வாட்ச்: கட்டுப்படியாகும் விலையில் எதைப் பார்த்து வாங்குவது?

பணி ஓய்வு பெறும் அப்பா, அறுபதாம் கல்யாணம் காணும் மாமா, மணமேடை ஏறப் போகும் நண்பன். பாக்கெட் வாட்ச் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்களில் ஒருவருக்காகத்தான் கேட்கிறார்கள். கையில் இருக்கும் பணம் சில நூறு ரூபாயில் தொடங்கி ஐயாயிரம், மிஞ்சிப்போனால் பத்தாயிரம். அந்த வரம்புக்குள் நின்றே இங்கே பதில் சொல்கிறேன். என் கட்சி ஒன்றுதான்: பரிசாகப் போகும் வாட்ச் அடுத்த வருஷமும் ஓட வேண்டும், பழுதானால் உங்கள் ஊரிலேயே அதைச் சரிசெய்ய ஆள் இருக்க வேண்டும். பூவேலைப்பாடு, சங்கிலி, வெல்வெட் பெட்டி எல்லாம் அதற்கப்புறம்.

கையில் செல்போன் இருக்கும்போது பாக்கெட் வாட்சை யார் பயன்படுத்துவார்கள்?

பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வியர்வையில் மணிக்கட்டு அரித்துப் புண்ணாகிறது என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தவர்கள், மெஷினில் கைவைத்து வேலை செய்கிறவர்கள், மேசையில் ஒரு சின்னக் கடிகாரம் நின்றால் போதும் என்று இருப்பவர்கள். பல நாடுகளில் செவிலியர்கள் இன்றும் நெஞ்சில் ஊசி குத்தி, டயல் தலைகீழாகத் தொங்கும் சிறு கடிகாரம் அணிகிறார்கள். மணிக்கட்டில் எதுவும் இருக்கக் கூடாது என்ற சுகாதார விதிதான் காரணம். குனிந்து பார்த்தால் அவர்கள் கண்ணுக்கு அது நேராகத் தெரியும். உங்கள் பரிசு ஒரு செவிலியருக்கு என்றால் சங்கிலி வைத்த பாக்கெட் வாட்சைவிட அந்த வகைதான் பொருத்தம், விலையும் குறைவு.

வாங்கும் முன் ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இந்த வாட்ச் தினமும் எங்கே இருக்கப் போகிறது? சட்டைப் பையிலா, மேசையிலா, பீரோவிலா? பீரோ என்றால் உள்ளே என்ன இயந்திரம் என்று கவலைப்பட வேண்டாம், அழகாக இருந்தால் சரி. பை என்றால் எடையும் மூடியும் முக்கியம். மேசை என்றால் டயல் முக்கியம், கூடவே ஒரு ஸ்டாண்ட் வேண்டும். இதை யோசிக்காமல் கடைக்குப் போனால் பளபளப்பாக இருப்பதைத்தான் எடுத்துக்கொண்டு வருவோம்.

குவார்ட்ஸ் வாங்குவதா, சாவி கொடுப்பதா?

எல்லோரும் முதலில் தயங்கும் இடம் இது.

குவார்ட்ஸ் என்றால் பேட்டரி. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணிக்கொண்டே ஒரு சின்ன சில்லு, நொடிக்கு ஒருமுறை முள்ளை நகர்த்தும். மாதத்துக்கு அரை நிமிடம்கூடப் பிசகாது. ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு பேட்டரி மாற்றினால் போதும். தெருமுனை வாட்ச் கடையில் ஐந்து நிமிட வேலை.

சாவி கொடுக்கும் வாட்சில் பேட்டரி கிடையாது. தலைப்பகுதியில் இருக்கும் குமிழைத் திருகினால் உள்ளே இருக்கும் சுருள்வில் இறுகும். அது மெல்ல மெல்லத் தளரும்போது வரும் விசையில்தான் சக்கரங்கள் ஓடுகின்றன. முழுச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள்போல ஓடும். விலை குறைந்த சாவி வாட்ச் ஒரு நாளைக்கு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ முன்னே பின்னே போகும். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து, சுத்தம் செய்து, எண்ணெய் போட வேண்டும்.

வாங்கிக்கொள்ளப் போகிறவர் தினமும் காலையில் ரேடியோ போடுகிறவரா, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரா, எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவரா? அவருக்குச் சாவி வாட்ச் கொடுங்கள். காலையில் குமிழைத் திருகும் அந்தச் சில நொடிகள் அவருக்குப் பிடித்துப்போகும். மறதிக்காரர், ஊர் ஊராக அலைகிறவர், மருந்து மாத்திரையை மணி பார்த்துச் சாப்பிடுகிறவர் என்றால் குவார்ட்ஸ்தான். நின்றுபோன சாவி வாட்சைப் பார்த்து ஒருவர் மாத்திரை போடத் தவறினால் அது நல்ல பரிசு ஆகாது.

‘ஆட்டோமேட்டிக்’ என்று போட்ட பாக்கெட் வாட்சும் விற்கிறார்கள். கை அசைவில் தானாகச் சாவி ஏறுவதற்காக வந்த ஏற்பாடு அது. பைக்குள் ஆடாமல் கிடக்கும் வாட்சுக்கு அதனால் பெரிய பலன் இல்லை. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு பணத்துக்கு எதை எதிர்பார்க்கலாம்?

ஆயிரம் ரூபாய்க்குள் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பு உலோகக் கூட்டில் அடைத்த சீனக் குவார்ட்ஸ் வாட்சுகள். பழைய வெண்கலம் போல நிறம் பூசி, மூடியில் கழுகோ ரயில் எஞ்சினோ புடைத்து நிற்கும். கல்லூரி நண்பனுக்கு, பள்ளிப் பிள்ளைக்கு இது தாராளமாகப் போதும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் இயந்திரம் நேரத்தைச் சரியாகவே காட்டும். சாயம்தான் ஒரு வருஷத்தில் வெளுக்கும்.

இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை போனால் புதிய சீன சாவி வாட்சுகள் வரும். இங்கேதான் தரம் ஏகத்துக்கு மாறும். எலும்புக்கூடு மாதிரி உள்ளே உள்ள சக்கரமெல்லாம் தெரியும் டயல் வைத்தவைதான் இந்த விலையில் அதிகம். பார்க்க அழகு, ஆனால் மணி பார்ப்பது சிரமம். இயந்திரத்தின் பெயரை விற்பவர் சொல்ல முடிந்தால் அது நல்ல அறிகுறி. தியான்ஜின் நகரத்து சீகல் தொழிற்சாலையின் எஸ்டி36 என்ற இயந்திரம் ஸ்விட்சர்லாந்தின் யூனிடாஸ் 6497 என்ற பழைய, உறுதியான அமைப்பைப் பின்பற்றியது. பாகங்கள் பெரியவை என்பதால் ரிப்பேர் செய்கிறவர் பயப்படாமல் கைவைப்பார். ஆனால் அது இந்த விலையில் அபூர்வம், கொஞ்சம் மேலே போக வேண்டியிருக்கும்.

ஐயாயிரத்துக்கு மேலே போகத் தயார் என்றால் என் யோசனை: புதியதை விட்டுவிட்டு, நன்றாகச் சர்வீஸ் செய்த பழைய வாட்சைத் தேடுங்கள்.

பழையதில் எந்தப் பெயர்களை நம்பலாம்? எச்எம்டி கிடைக்குமா?

நம் ஊருக்கு எச்எம்டிதான் முதல் யோசனை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிய அரசு நிறுவனம். கைக்கடிகாரத்துக்குத்தான் பெயர் பெற்றது என்றாலும் பாக்கெட் வாட்சும் செய்தது. கடிகாரப் பிரிவு மூடப்பட்டுவிட்டது, ஆனாலும் வாட்சுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. எச்எம்டியைக் கொடுப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஐம்பது வயது தாண்டிய எந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் நீட்டினாலும் அவருக்கு அதைத் தெரியும், பாகமும் எங்காவது வைத்திருப்பார். அரசு வேலையில் இருந்து ஓய்வு பெறும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான டயல் எனக்குத் தோன்றவில்லை. அவர் முதல் சம்பளத்தில் வாங்கியதே ஒரு எச்எம்டியாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது ரஷ்யாவின் மோல்னியா. செல்யாபின்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் 1947 முதல் பல பத்தாண்டுகள் செய்தார்கள். 3602 என்ற ஒரே இயந்திரத்தை லட்சக்கணக்கில் போட்டதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. உராய்வைக் குறைக்க இயந்திரத்துக்குள் பதித்த 18 கற்கள், கையில் எடுத்தால் நல்ல கனம், மூடியில் குதிரை, ரயில், கப்பல் என்று விதவிதமான புடைப்பு. மூடியைத் திறந்தால் ஆறாவது மணி பக்கமோ ஒன்பதாவது மணி பக்கமோ தனிச் சிறு வட்டத்தில் நொடி முள் ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்களில் வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி நம் நாட்டில் அதிகம் புழங்கியது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்து ஸ்விஸ் வாட்சுகளை விற்றார்கள். சென்னைக்கு பி. ஆர் அண்ட் சன்ஸ். மவுண்ட் ரோட்டில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கடிகாரத்துக்குப் பெயர்பெற்ற கடை. டயலில் அந்தக் கடையின் பெயர் போட்ட பாக்கெட் வாட்சுகள் பழைய குடும்பங்களில் இன்னும் இருக்கும். இவை எல்லாம் பட்ஜெட்டுக்குள் அகப்பட்டால் நல்லது, ஆனால் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டுப் போங்கள்.

‘நூறு வருஷப் பழமை, ஒரிஜினல்’ என்று மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

பெரும்பாலும் வேண்டாம். பெரிய பெயர் போட்ட டயல் புத்தம்புதிதாக மின்னினால், அது பின்னால் வண்ணமடித்து எழுதியது. நான்கு வாட்சுகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியதும் நிறைய உலவுகிறது. கூட்டில் ஒரு பெயர், இயந்திரத்தில் இன்னொரு பெயர், டயலில் மூன்றாவது பெயர் இருக்கும். அது ஓடலாம், ஆனால் ‘ஒரிஜினல்’ விலைக்குத் தகுதி இல்லாதது.

பித்தளையில் ‘ரயில்வே’ என்று பொறித்து, அழுக்கேற்றி, பழசு போலக் காட்டும் புது வாட்சுகளும் சுற்றுலாத் தலங்களில் கிடைக்கும். அலங்காரப் பொருளாக வாங்கினால் தப்பில்லை, அந்த விலைக்கு வாங்குங்கள்.

விலை மலிவு என்பதே மோசம் என்று சொல்ல வரவில்லை. பாக்கெட் வாட்சின் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய பக்கமே மலிவு வாட்சுகளுடையதுதான். ஜார்ஜ் ஃபிரெடரிக் ரோஸ்கோப் என்ற ஸ்விஸ் கைவினைஞர், பாட்டாளி ஒருவர் வாங்கக்கூடிய வாட்ச் வேண்டும் என்று பாகங்களைக் குறைத்துக் குறைத்து 20 பிராங்கில் ஒன்றைக் கொண்டுவந்தார். 1867-இல் அது பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. அமெரிக்காவில் இங்கர்சால் நிறுவனம் 1896-இல் ஒரே டாலருக்கு ‘யாங்கி’ வாட்சை விற்றது. மலிவை மலிவென்றே சொல்லி, நேரத்தைச் சரியாகக் காட்டிய வாட்சுகள் அவை. இன்று நீங்கள் தேட வேண்டியதும் அந்த நேர்மையைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த, இருட்டில் ஒளிரும் டயல்கள் பலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. இன்று ஒளி மங்கிப் போயிருந்தாலும் கதிரியக்கம் போகாது, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். எண்களின் மேல் பழுப்பேறிய தடித்த பூச்சு இருக்கும் பழைய வாட்சைப் பரிசாகக் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நிச்சயமாக வேண்டாம்.

மூடி வைத்ததா, திறந்த முகமா?

மூடி இல்லாமல் கண்ணாடியோடு நிற்பது திறந்த முகம். முன்பக்கம் முழு மூடி வைத்தது ‘ஹன்ட்டர்’. மூடியின் நடுவே சின்ன வட்டக் கண்ணாடி வைத்து, திறக்காமலே முள்ளைப் பார்க்கும்படி செய்தது ‘ஹாஃப் ஹன்ட்டர்’.

சாவி, சில்லறையோடு ஒரே பையில் போடுகிறவருக்கு மூடி நல்லது, கண்ணாடி கீறாது. அடிக்கடி மணி பார்க்கிறவருக்குத் திறந்த முகம். ஹாஃப் ஹன்ட்டர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் மலிவு விலையில் நல்ல ஹாஃப் ஹன்ட்டர் கிடைப்பது அரிது.

மூடி வைத்ததை வாங்கினால் மூடும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். படத்தில் வருவதுபோல ‘டப்’பென்று அடித்து மூடக் கூடாது. குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூடியை மெதுவாக இறக்கி, பிறகு விரலை எடுக்க வேண்டும். அடித்து அடித்து மூடினால் உள்ளே பிடிக்கும் கொக்கி தேய்ந்து, சில மாதங்களில் மூடி வாய் பிளந்தே நிற்கும்.

வயதானவருக்கு என்றால் எதைக் கவனிப்பது?

டயலைத்தான், வேறெதையும் அல்ல. வெள்ளை டயல், கறுப்பு முள், தடித்த 1, 2, 3 எண்கள். ரோமன் எழுத்து அழகாக இருக்கும், ஆனால் கண்புரை உள்ளவருக்கு நான்கும் ஆறும் ஒன்றாகத் தெரியும். சக்கரம் தெரியும் எலும்புக்கூடு டயலை முதியவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வெள்ளி நிற முள் வெள்ளி நிறச் சக்கரங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

இந்த விஷயத்தில் அமெரிக்க ரயில்வே நமக்கு முன்னோடி. 1891 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்துக் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. ரயில் ஊழியர் ஒருவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று பிறகு ஓடியதே காரணம் என்று அப்போது சொன்னார்கள். அதற்குப் பிறகு வெப் பால் என்ற நகை வணிகர் ரயில்வே வாட்சுகளைச் சோதிக்கும் பொறுப்புக்கு வந்தார். அந்த வழியில் உருவான விதிகளைப் பாருங்கள்: முகம் திறந்திருக்க வேண்டும், எண்கள் தடித்துத் தெளிவாக இருக்க வேண்டும், வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது. ஓடும் எஞ்சினில் மங்கிய வெளிச்சத்தில் படிக்க என்று போட்ட விதி, எழுபது வயதுக் கண்ணுக்கும் அப்படியே பொருந்துகிறது. கடையில் ‘ரயில்வே டயல்’ என்று கேட்டுப் பாருங்கள்.

மூடி திறக்க விரலில் பலம் வேண்டும். மூட்டுவலி இருப்பவருக்குத் திறந்த முகம்தான். சாவி கொடுக்கும் குமிழும் பெரிதாக, பல்வெட்டு நன்றாக இருக்கட்டும்.

பார்வை இல்லாதவர்களுக்காகப் பிரெயில் வாட்சுகள் உண்டு, எச்எம்டியும் செய்திருக்கிறது. மூடியைத் திறந்தால் கண்ணாடி இருக்காது. முள்ளையும் புள்ளிகளையும் விரலால் தொட்டு மணி அறியலாம். கிடைத்தால் விடாதீர்கள்.

கோட்டு போடாதவர் எங்கே வைத்துக்கொள்வார்? வேட்டியில் முடியுமா?

வேட்டியில் முடியும் என்பதற்கு காந்தியே சாட்சி. அவர் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பாக்கெட் வாட்சைப் பல புகைப்படங்களில் பார்க்கலாம். அவரிடம் இருந்த ஜெனித் வாட்ச் ஒன்று அவருடைய கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டோடு சேர்ந்து 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. 18 லட்சம் டாலருக்கு விஜய் மல்லையா ஏலம் எடுத்தார். இப்போது பை வைத்துத் தைத்த வேட்டிகளும் வந்துவிட்டன, அதிலும் வைக்கலாம்.

நம் ஊர் ஆண்களுக்கு இயல்பான இடம் சட்டையின் இடது மார்புப் பைதான். ஆனால் குனியும்போது விழும் இடமும் அதுதான். அதனால் சங்கிலி கட்டாயம் வேண்டும், அதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘டி’ வடிவக் குச்சி இருந்தால் அது கோட்டின் உள்சட்டைப் பொத்தான் துளைக்கானது, சட்டைக்குச் சரிவராது. கிளிப்போ, ஸ்பிரிங் கொக்கியோ இருந்தால் பையின் விளிம்பிலோ பெல்ட் வளையத்திலோ மாட்டலாம். முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம் போதும். அதற்கு மேல் போனால் வண்டிச் சாவியில் மாட்டிக்கொள்ளும்.

ஜீன்ஸ் முன்பையின் மேலே இருக்கும் குட்டிப் பை ஒரு காலத்தில் வாட்சுக்காக வைத்ததே. ஆனால் இன்றைய வாட்சுகள் பல 45 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கின்றன, அதில் நுழையாது. ஜீன்ஸ் போடும் தம்பிக்கு என்றால் 40 மில்லிமீட்டருக்குள் ஒன்றைத் தேடுங்கள்.

‘சில்வர்’ என்று போட்டிருக்கிறதே, வெள்ளியா?

பெரும்பாலும் நிறத்தைத்தான் சொல்கிறார்கள். ‘ஜெர்மன் சில்வர்’ என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளி துளியும் இல்லை. உண்மையான வெள்ளியில் 925, பழைய ஸ்விஸ் கூட்டில் 0.800 அல்லது 0.935 என்று உள்பக்கம் முத்திரை இருக்கும். நிக்கல் சிலருக்கு அரிப்பு தரும், அப்படிப்பட்டவருக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கூடு நல்லது. விலையையும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் எல்லோருக்குமே எஃகுதான் நல்லது.

பெயர் பொறிக்கலாமா? தமிழில் பொறிக்க முடியுமா?

முடியும், நன்றாகவும் இருக்கும். ஆனால் தமிழ் என்றால் ஒரு தொல்லை உண்டு. லேசர் வைத்திருக்கும் கடைகளில் ஓடும் சில மென்பொருள்கள் தமிழைச் சரியாகக் காட்டாது. ‘கொ’ என்று நீங்கள் அனுப்பினால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து நிற்கும். ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்பதில் புள்ளிகள் நழுவிப் போகும். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல், படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புங்கள். பொறிப்பதற்கு முன் அதே எழுத்தை ஒரு தகரத் துண்டில் போட்டுக் காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

எங்கே பொறிப்பது என்றால் பின்மூடியின் வெளியில்தான் பலரும் கேட்பார்கள். மூடி உள்ள வாட்ச் என்றால் மூடியின் உள்பக்கத்தில் போடுங்கள், தேயாது. சாயம் பூசிய மலிவுக் கூட்டில் லேசர் பட்டால் சாயம் உரிந்து அடியில் வேறு நிறம் தெரியும். சில நேரம் அதுவே அழகு, சில நேரம் அசிங்கம். அதனால் முதலில் ஓர் ஓரத்தில் புள்ளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், தேதி, ஒரு வரி. அதற்கு மேல் போனால் எழுத்து பொடிந்து படிக்கவே முடியாது.

பொறித்த பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே பொறிக்கக் கொடுங்கள்.

கடையில் கையில் எடுத்ததும் என்னென்ன பார்க்க வேண்டும்?

சாவி வாட்ச் என்றால் முதலில் பத்துத் திருகு திருகுங்கள். சீராக, மெல்லிய ‘கர்கர்’ ஒலியோடு ஏற வேண்டும். இடையில் வழுக்கினாலோ திடீரென்று பின்னால் உதறினாலோ வைத்துவிடுங்கள். காதருகே பிடியுங்கள். ஓசை ஒரே சீராக இருக்க வேண்டும், நொண்டக் கூடாது. பிறகு டயல் மேலே பார்க்க அரை நிமிடம், கீழே பார்க்க அரை நிமிடம், குமிழ் மேலே இருக்கும்படி நிறுத்தி அரை நிமிடம். பைக்குள் அது நிற்கப்போவது அந்த நிலையில்தான் என்பதால் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். எந்த நிலையிலும் ஓட்டம் தடுமாறக் கூடாது.

நொடி முள்ளை உற்றுப் பாருங்கள். நொடிக்கு ஒருமுறை குதித்தால் அது குவார்ட்ஸ். பழைய சாவி வாட்சுகள் பல நொடிக்கு ஐந்து முறை சின்னச் சின்னதாக அடியெடுத்து வைக்கும், வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும். ‘மெக்கானிக்கல்’ என்று விற்று உள்ளே பேட்டரி இருப்பதை இந்த ஒரு பார்வையில் பிடித்துவிடலாம். மூடியில் பல்சக்கரப் படம் வெட்டியிருப்பதைப் பார்த்து சாவி வாட்ச் என்று நினைத்துவிட வேண்டாம்.

குமிழை வெளியே இழுத்து முள்ளை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பன்னிரண்டில் இரண்டு முள்ளும் ஒன்றன் மேல் ஒன்றாக நிற்கிறதா என்று பாருங்கள். உரசினால் வேண்டாம்.

பழைய வாட்ச் என்றால் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். உள்ளே துரு, கைரேகை, வாய் சிதைந்த திருகாணிகள் இருந்தால் பலர் கைவைத்த வாட்ச் அது.

ஆன்லைனில் வாங்கினால்?

விவரத்தில் இயந்திரத்தின் பெயர், கூட்டின் உலோகம், விட்டம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களையும், குறிப்பாக ஆறு மாதம் கழித்துப் போட்ட படங்களையும் தேடுங்கள். ‘லக்சரி’, ‘ராயல்’, ‘விண்டேஜ்’ என்ற சொற்களுக்கு எந்த மதிப்பும் இல்லை. விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்பே கைக்கு வரும்படி போடுங்கள். வந்ததும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிரச்சினை என்றால் திருப்பி அனுப்ப நேரம் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் வாட்ச் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். “அண்ணே, சாவி கொடுக்கிற பாக்கெட் வாட்ச் சர்வீஸ் பண்ணுவீங்களா?” என்று கேட்டால் போதும். அவர் தலையாட்டினால் சாவி வாட்ச், இல்லையென்றால் குவார்ட்ஸ்.

தாத்தாவின் பழைய வாட்ச் பெட்டியில் கிடக்கிறது. அதையே சரிசெய்து கொடுக்கலாமா?

புதிதாக வாங்குவதைவிட இதையே நான் பத்து மடங்கு விரும்பிச் சொல்வேன். பல வருஷம் நின்றுபோன வாட்ச் என்றால் உடைந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகி, சக்கரங்களைப் பிடித்திருக்கும். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டால் ஓடிவிட வாய்ப்பு அதிகம். ஓடுகிறதா பார்ப்போம் என்று நீங்களே சாவி கொடுத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். காய்ந்த எண்ணெயில் ஓடினால் அச்சு தேயும்.

ரிப்பேர் செய்கிறவரிடம் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயலை வண்ணமடிக்க வேண்டாம், கூட்டைப் பாலிஷ் போட வேண்டாம். தாத்தாவின் பெயரெழுத்து மெல்லிய கோடாகத்தான் இருக்கும், ஒரு பாலிஷில் போய்விடும். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதோடு ஒரு நல்ல ஸ்டாண்டும் புதுச் சங்கிலியும் வாங்கினால் மொத்தச் செலவு ஒரு புது வாட்சின் விலைக்குள் முடிந்துவிடும்.

கடிகாரம் பரிசளிப்பது ஆகாது என்கிறார்களே?

நம் வழக்கத்தில் அப்படி எதுவும் கிடையாது. மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது கல்யாணச் சீரிலேயே இருக்கிறது. சீனக் குடும்பங்களில்தான் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். அதுவும் சுவர்க் கடிகாரத்துக்குத்தான் அழுத்தம் அதிகம். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சீன நண்பருக்குக் கொடுப்பதாக இருந்தால் வேறு பொருளைப் பார்ப்பது மரியாதை.

கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது?

பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு எழுதி வையுங்கள். சாவி வாட்ச் என்றால்: தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்கவும். இறுகி நின்றதும் விட்டுவிடவும், அதற்கு மேல் திருக வேண்டாம். ராத்திரி கொக்கியில் தொங்கவிடவும் அல்லது ஸ்டாண்டில் நிறுத்தவும். தண்ணீர் படக் கூடாது, மழையில் நனைந்தால் அன்றே கடைக்குக் கொண்டுபோகவும். செல்போன், ஸ்பீக்கர், காந்தம் வைத்த பர்ஸ் இவற்றோடு ஒட்டி வைக்க வேண்டாம். திடீரென்று நாளைக்குப் பல நிமிடம் முன்னே ஓட ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கும், அதை நீக்குவது கடையில் சில நொடி வேலை.

குவார்ட்ஸ் என்றால் பேட்டரி எண்ணைச் சீட்டில் எழுதுங்கள். பல வாட்சுகளில் எஸ்ஆர்626 என்ற எண்தான் இருக்கும், ஆனாலும் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவு வாட்சுகள் கடையில் எத்தனை மாதம் கிடந்தனவோ தெரியாது. ஆகவே கொடுப்பதற்கு முதல் நாள் புதுப் பேட்டரி போட்டுவிடுவது நல்லது. மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள், கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும்.

நேரத்தை நீங்களே சரியாக வைத்து, ஓடவிட்டுக் கொடுங்கள். உங்கள் ஊர் ரிப்பேர்காரரின் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் அதே சீட்டின் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.